மணக்கும் தரைத்தளம்

செங்கழனி மண்ணுக்கு அடியில் விஷம் இருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நெடுஞ்சாலையை ஒட்டி அங்கே ஒரு காலத்தில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை இருந்தது. பாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அவற்றை ஒரு திரவத்தில் முக்கி எடுப்பார்கள். திரவம் அழுக்கானதும் கொல்லைப்பக்கம் குழி வெட்டி ஊற்றிவிடுவார்கள். மண் குடித்துக்கொண்டது. பிறகு தொழிற்சாலை மூடியது, முதலாளி வெளிநாட்டில் காலமானார், பிள்ளைகள் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். திரவத்தில் பங்கு வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அது நிலத்தடி நீரோடு கலந்து, வெயில் ஏற ஏற ஆவியாகி, மண்ணின் இடுக்குகள் வழியே மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. மேலே வெறும் புல்லாக இருந்தவரை அதனால் பெரிய தொந்தரவில்லை. சென்னை வளர்ந்து வந்து செங்கழனியைத் தொட்டது. புல் இருந்த இடத்தில், 2058ஆம் ஆண்டு, ‘மலர்வனம்’ அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது.

இப்படிப்பட்ட நிலத்தில் கட்டடம் கட்ட அதற்குள் சட்டம் வந்திருந்தது. தரைக்கு அடியில் ஒரு காப்புத் தாள் விரிக்க வேண்டும். அதற்கும் கீழே குழாய்கள் பதித்து, மண்ணில் தேங்கும் ஆவியை ஒரு ஃபேன் இடைவிடாமல் உறிஞ்சி மொட்டை மாடிக்கு மேலே வெளியேற்ற வேண்டும். ஃபேன் பழுதானால் குடியிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ‘ஒலியாலோ ஒளியாலோ மணத்தாலோ’ எச்சரிக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும்.

அந்த எச்சரிக்கையைக் கண்டுபிடித்தவள் யாழிசை. காப்புத் தாள் செய்யும் நிறுவனத்தில் நுண்ணுயிர் விஞ்ஞானி. மண்ணிலேயே வாழும் ஒரு பாக்டீரியாவைப் பிடித்து, அதன் மரபணுவைக் கொஞ்சம் திருத்தி, தாளுக்குள் குடிவைத்திருந்தாள். விஷ ஆவி பட்டால் பாக்டீரியா அதை ஒரு வாய் தின்னும். தின்றதும் அழுகிய முட்டை நாற்றம் விடும். ஆவி எவ்வளவோ அவ்வளவு நாற்றம். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், பழுதாக எதுவும் இல்லை.

மலர்வனத்தைக் கட்டிய ஹரிகோவிந்தனின் அலுவலகத்தில் அவள் சின்னக் குப்பி ஒன்றைத் திறந்து காட்டினாள். காபி கொண்டுவந்த ஆள் வாசலோடு திரும்பிப் போய்விட்டான். ஹரிகோவிந்தன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பேசினார்.

“மேடம், இந்த நாத்தத்த வச்சிக்கிட்டு நான் யாருக்கு வீடு விக்கிறது?”

“நாறினாத்தான் சார் எழுந்து ஓடுவாங்க.”

“ஓடறதுக்கா வீடு கட்டறேன்? உக்கார்றதுக்குக் கட்டறேன்.”

அவர் கோபக்காரர் அல்ல. யோசனைக்காரர். சட்டத்தைத் தன் வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். வக்கீல் தமிழார்வம் உள்ளவர். சட்டத்தில் மணம் என்றுதான் போட்டிருக்கிறது, மணம் என்றால் நறுமணம், அழுகிய முட்டையை மணம் என்று எந்த அகராதியும் சொல்லாது, ஆகவே நாற்றம் வைப்பதுதான் சட்டவிரோதம் என்று எழுதிக் கொடுத்தார். யாழிசையின் நிறுவனத்துக்கும் அந்த விளக்கம் பிடித்துப்போயிற்று. எச்சரிக்கை என்பது எச்சரிக்கைதானே, அது எந்த வாசனையாக இருந்தால் என்ன, கையேட்டில் எழுதிவிட்டால் போயிற்று என்றார்கள்.

யாழிசை ஒரு வாரம் வாதாடினாள். பிறகு பாக்டீரியாவை மறுபடி திருத்தினாள். வேலை ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. இப்போது விஷ ஆவி பட்டால் மனோரஞ்சிதம் மணந்தது. அந்த ஆண்டு அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் நேரத்துக்கும் லிஃப்ட் மெக்கானிக்கின் தொலைபேசி எண்ணுக்கும் நடுவே, மனோரஞ்சித மணம் வந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு உடனே வெளியேறவும் என்று ஒரு வரி இருந்தது. விளம்பரப் பலகையில் இருந்த வரி வேறு: ‘மண்ணே மணக்கும் மலர்வனம்.’

ஜனங்கள் பலகையைப் படித்தார்கள்.

அதன் பிறகு யாழிசையை வேறொரு கட்டட வேலைக்காக குஜராத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் அங்கே இருந்தாள். திரும்பி வருவதற்குச் சற்று முன்னால் தம்பி மகிழன் போன் செய்தான். சொந்த வீடு வாங்கிக் குடிவந்தாயிற்றாம். எங்கே என்பதை வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். கூடவே இன்னொரு செய்தியும் சொன்னான். அவன் மனைவி கயல் உண்டாகியிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து.

வந்த முகவரியில் மலர்வனம் என்று இருந்தது. ஃபேன் ஓடினால் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். ஃபேன் ஓடினால் மணமும் இருக்கக் கூடாது. மலர்வனத்தின் தரைத்தளத்தில் கதவு திறந்ததும் மனோரஞ்சிதம் முகத்தில் மோதியது. கூடத்தில் வெறும் தரையில் பாய் விரித்துக் கயல் படுத்திருந்தாள். மசக்கை கடுமையாக இருந்ததால் ஆள் பாதியாகியிருந்தாள். நாத்தனாரைப் பார்த்து எழ முயன்றவளை அப்படியே படுக்கச் சொல்லிவிட்டு, யாழிசை சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

மகிழன் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக மூடினான். “ஏசி ஓடுதுக்கா. வாசனையும் போயிடும்.”

அவனைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய், உடனே வீட்டைக் காலி செய்யச் சொன்னாள்.

“நீ கண்டுபிடிச்சதுதானேக்கா இது. ஊரே புகழுது.”

“நான் கண்டுபிடிச்சதாலதான்டா சொல்றேன்.”

“வாசனையில என்னக்கா விஷம் இருக்கப்போகுது?”

“வாசனை விஷம் இல்ல. தரைக்குக் கீழ இருக்கற பூச்சி விஷத்தைத் தின்னுட்டு விடற ஏப்பம் அது. இவ்ளோ பெரிய ஏப்பம்னா இலையில எவ்ளோ சோறு இருக்கும், யோசிச்சுப் பாரு. அது தின்னது போக மிச்சத்தைத்தான் நீங்க மூச்சுல இழுக்கறீங்க.”

குழந்தையின் இருதயம் உருவாகிற மாதங்களில் இந்த ஆவி ஆகாது என்பதையும் அவள் சொன்னாள். மகிழன் உள்ளே படுத்திருந்த மனைவியைப் பார்த்தான். பிறகு அவன் முகம் மாறியது. பள்ளிக்கூடப் படிப்பிலிருந்து முதல் வேலை வரை எல்லாவற்றிலும் அக்காவின் கைபட்டிருக்கிறது. அவள் யோசனை கேட்காமல் அவன் வாங்கிய முதல் பொருள் இந்த வீடு. அதிலும் தரைத்தளம். மலர்வனத்தில் எல்லோரும் ஆசைப்படும் தளம். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது லேசாக மணக்கும் வீடுகள் என்று போட்டி போட்டு வாங்குவார்கள். இரண்டு மாதமாக மணம் நிற்காமல் வருகிறது. ஐந்தாம் மாடிக்காரர் வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று நேற்றுகூடக் கேட்டுவிட்டுப் போனார்.

“நான் நல்லா இருந்தா உனக்கு எப்பவுமே ஏதாவது ஒரு குறை தெரியும்க்கா,” என்றான்.

கயல் மட்டும் சண்டைக்கு வரவில்லை. “எங்கயும் போக முடியாது அண்ணி. இந்த வாசனை இருக்கறதாலதான் ரெண்டு வாய் சோறு உள்ள நிக்குது,” என்றாள். அந்த மணம் அவளுக்கு மாம்பழமாகத் தோன்றியதாம். மனோரஞ்சிதத்தின் குணமே அதுதான். நினைத்த பழமாக மணக்கும்.

யாழிசை நேராக வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனாள். மூலையில் இருந்த அறையில் ஃபேன் ஓடவில்லை. பழுது எதுவும் இல்லை. யாரோ சுவிட்சை அணைத்து, மேலே ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அவள் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு சுவிட்சைப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் மணம் தேய்ந்து மறைந்தது.

மறுநாளே அசோசியேஷன் கூட்டம் கூடியது. தலைவர் தினேஷ்பாபு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் என்ன சொன்னாலும் அதை வெள்ளைத்திரையில் போட்டுக் காட்டுவார். தரைத்தளத்துக்காரர்கள் தங்கள் வாசனை திருடப்பட்டதாகப் புகார் சொன்னார்கள். மேல் மாடிக்காரர்களின் குறை வேறு: பராமரிப்புக்கு எல்லோரும் சமமாகக் கொடுக்கும்போது வாசனை மட்டும் ஏன் கீழ்த்தளத்துக்கு? குழாய் போட்டு எல்லா மாடிக்கும் ஏற்றினால் என்ன? சமநீதி என்ற வார்த்தை அங்கே பலமுறை உச்சரிக்கப்பட்டது.

யாழிசை பேச அனுமதி கேட்டு, ஆவி எப்படி வருகிறது, கழிவுக் குழாயின் ஓரத்திலும் சுவர் விரிசலிலும் எப்படி நுழைகிறது என்று பொறுமையாகச் சொன்னாள். ஈரல், சிறுநீரகம், கருவில் இருக்கும் பிள்ளை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மரியாதையாகக் கேட்டார்கள். கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஒருவர் எழுந்து, பார்க்கப்போனால் தண்ணீரும் ஒரு ரசாயனம்தான் என்றார். அதற்குக் கைதட்டல் கிடைத்தது.

தினேஷ்பாபு முடித்துவைத்தார். “மேடம், மூணு வருஷமா குடியிருக்கோம். இதுவரைக்கும் ஒருத்தராவது செத்தாங்களா, சொல்லுங்க.”

“உடனே சாகமாட்டீங்க சார். அதுதான் இதுல கஷ்டம்.”

இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஃபேன் அறைக்குப் பூட்டு. வாசனையை மேலேற்ற ஒரு துணைக்குழு. கூடவே அவள் நிறுவனத்துக்கு ஒரு புகாரும் போனது. வாடிக்கையாளரின் மனம் நோக நடந்துகொண்டதற்காக நிறுவனம் அவளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியது.

வேலை இல்லாதபடியால் அவளுக்கு நேரம் கிடைத்தது. அழுகிய முட்டை பாக்டீரியாவின் பழைய வித்து அவளிடம் பத்திரமாக இருந்தது. அதை வீட்டுச் சமையலறையிலேயே இட்லி மாவு புளிக்கவைப்பதுபோல் புளிக்கவைத்துப் பெருக்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலை, மலர்வனமே பூங்காவில் யோகா செய்துகொண்டிருந்தபோது, வண்டி நிறுத்தும் இடத்தில் மண்ணைச் சோதிக்கப் போட்டிருந்த துளையின் மூடியைத் திறந்து ஒரு குடம் ஊற்றிவிட்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. கையில் குடம் வைத்திருப்பவளை யாரும் தடுப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை நாற ஆரம்பித்தது.

முதல் சந்தேகம் மூன்றாம் மாடியில் மீன் சமைக்கும் குடும்பத்தின் மேல் விழுந்தது. அவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். அவர்கள் ஊருக்குப் போயிருப்பது பிறகுதான் தெரிந்தது. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய லாரி வந்தது; தொட்டியைவிட வீடு நாறுகிறது என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போனார். ஒரு புரோகிதர் வந்து ஹோமம் வளர்த்தார். புகை போதாமல் பாதியில் எழுந்துவிட்டார். ஈரல், சிறுநீரகம், பிள்ளை என்று அவ்வளவு சொல்லியும் அசையாதவர்கள் வியாழக்கிழமைக்குள் பெட்டி படுக்கையோடு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மகிழனும் கயலை அழைத்துக்கொண்டு அம்பத்தூரில் அக்காவின் வீட்டுக்கு வந்தான். வந்தவன் அக்காவோடு பேசவில்லை. கயல் குடித்த தண்ணீரையும் வாந்தியெடுத்தாள். நான்கு நாள் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழிசைக்குத் தான் செய்தது சரி என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த நான்கு நாளும் அவளால் கயலின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

ஒரு விஷயத்தில் அவள் கணக்குத் தவறியது. பாக்டீரியா மலர்வனத்துத் தாளுக்கு அடியிலேயே இருந்துகொள்ளும் என்று நினைத்திருந்தாள். படித்தவர்களுக்கும் இப்படி நினைப்பு வருவது உண்டு. அது நிலத்தடி நீரில் இறங்கியது. நீர் போன வழியெல்லாம் போனது. விஷம் எங்கெல்லாம் போயிருந்ததோ அங்கெல்லாம் அதற்குத் தீனி கிடைத்தது. ஒரு மாதத்துக்குள் தாலுகா அலுவலகம் நாறியது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் நாறியது. சுற்றுச்சூழல் விருது வாங்கிய ஓட்டல் ஒன்று நாறியது. மலர்வனத்தின் மதிலோரம் தகரக் கூரை போட்டுக் குடியிருந்த கட்டடத் தொழிலாளிகளின் வீடுகள் எல்லாவற்றையும்விட அதிகமாக நாறின. அத்தனை வருடமாக அவர்களை மனோரஞ்சிதத்தால்கூட யாரும் எச்சரித்ததில்லை.

யாழிசையின் மேல் வழக்குப் பதிவானது. துளையின் எதிரே இருந்த கேமராவில் குடத்தோடு தெளிவாக விழுந்திருந்தாள். பொது இடத்தில் துர்நாற்றம் பரப்பியது குற்றம். புகார் கொடுத்தவர் ஹரிகோவிந்தன்.

அவரே சில நாள் கழித்து அம்பத்தூருக்கு வந்தார். வக்கீல் இல்லாமல், டிரைவரையும் தெருமுனையில் நிறுத்திவிட்டு. செங்கழனி ஏரிக்கு அந்தப்பக்கம் இருந்த அவருடைய பங்களாவும் நாற ஆரம்பித்திருந்தது. அங்கே மண் சுத்தம் என்று அவரே நம்பியிருந்தார்.

“பேத்தி எங்ககூடத்தான் இருக்குதும்மா. அது ரூம்லதான் ஜாஸ்தி,” என்றார். ‘மேடம்’ இப்போது ‘அம்மா’ ஆகியிருந்தாள். “அந்த நாத்தத்த மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க. வேற வாசனை ஏதாச்சும் மாத்த முடியுமான்னு…”

“மாத்தலாம் சார். பேத்திக்கு எந்தப் பூ பிடிக்கும்?”

ஹரிகோவிந்தன் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு அதை விட்டுவிட்டு, ஃபேன் போட்டால் நிஜமாகவே ஆவி வராதா என்று கேட்டார். தானே கட்டி விற்றதைப் பற்றி முதல்முறையாக விசாரிக்கிறவர்போல் ஒவ்வொன்றாகக் கேட்டார். குழாய் எவ்வளவு ஆழம், விரிசலை எதைக் கொண்டு அடைப்பது, மின்சாரம் போனால் என்ன செய்வது. யாழிசை எல்லாவற்றையும் சொன்னாள். பேத்திக்காகச் சொன்னாள்.

செங்கழனியில் சட்டத்துக்காக அல்லாமல் பயத்துக்காக அமைக்கப்பட்ட முதல் ஃபேன் ஹரிகோவிந்தன் வீட்டில்தான் ஓடியது. ஒன்று நின்றால் இன்னொன்று ஓட, அதற்கொரு இன்வெர்ட்டர். மொட்டை மாடிக்கு மேலே கொடிமரம்போல் குழாய் பளபளத்தது. நாற்றம் போயிற்று.

அதைப் பார்த்துத்தான் ஊருக்கு ஆசை வந்தது. பெரிய மனிதர் வீட்டில் இருக்கிற பொருள் நம் வீட்டில் இல்லையே என்ற ஏக்கம், ஈரலும் சிறுநீரகமும் செய்யாததைச் செய்தது. தினேஷ்பாபு பூட்டைத் திறந்து, மலர்வனத்து ஃபேனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஓடவிட்டார். குழாய் வடகிழக்கு மூலையில் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு வாஸ்து நிபுணர் சொல்ல, பாதிப் பேர் குழாயைப் பிடுங்கி மறுபடி வைத்தார்கள். கல்யாணப் பேச்சில் பையன் வீட்டில் எத்தனை ஃபேன் என்று கேட்டார்கள். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வைத்தார்கள். தகரக் கூரை வீடுகளில் மட்டும் வைக்கவில்லை. அவை அனுமதியில்லாத கட்டடங்கள் என்பதால் அவற்றின் காற்றும் அனுமதியில்லாத காற்றாம். கடைசியில் யாழிசையே வேலையில்லாத தன் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, பழைய குழாயும் பழைய மோட்டாரும் வைத்து அங்கே செய்துகொடுத்தாள்.

ஊரைக் காத்த விஞ்ஞானி என்று மலர்வனத்தில் அவளுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அதே நாள் காலையில் துர்நாற்ற வழக்கில் அவள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்துக்கும் தினேஷ்பாபுவே வந்திருந்தார். காலையில் அரசுத் தரப்புச் சாட்சியாக, மாலையில் சால்வையோடு. நீதிமன்றத் தாழ்வாரத்தில் கூப்பிடக் காத்திருந்தபோது அவள் அவரைக் கேட்டாள். அந்த ஃபேனை முதலில் நிறுத்தியது யார்?

தினேஷ்பாபு சங்கடப்பட்டார். “உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். உங்க தம்பி சம்சாரம்தான் வந்து கேட்டாங்க. வாந்தி தாங்கல சார், வாசனை வந்தா கொஞ்சம் அடங்குது, ரெண்டு நாளைக்கு மட்டும் நிறுத்தறீங்களான்னு. பாவமா இருந்துச்சு. அப்புறம் எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு, அப்படியே விட்டுட்டோம்.”

மாலை விழாவில் யாழிசை இரண்டு வார்த்தை பேசச் சொல்லியும் பேசவில்லை. அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கயலுக்குப் பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. இருதயத்தில் ஒரு சிறிய ஓட்டை இருந்தது. தானாகவே மூடிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் இரண்டு வயதில் அறுவை செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். எதனால் என்று மகிழன் கேட்டதற்கு, அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். யாழிசைக்கு அது பொய்யில்லை என்று தெரியும். ஹரிகோவிந்தனின் வக்கீலுக்கும் தெரியும்.

டாக்டர் போன பிறகு மகிழன் சுவரில் சாய்ந்து நின்றான். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவன், அன்றுதான் அக்காவிடம் பேசினான்.

“அந்த ஃபேன நிறுத்துனது யாருன்னு கண்டுபிடிக்கணும்க்கா. அவங்கள விடமாட்டேன். கேஸ் போடப்போறேன்.”

கட்டிலில் கயல் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. அவள் நிமிர்ந்து கணவனைப் பார்க்கவில்லை. நாத்தனாரைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது கெஞ்சல் அல்ல. தீர்ப்புக்காகக் காத்திருப்பவரின் பார்வை.

“நிறுத்துனது யாரா இருந்தா என்னடா,” என்றாள் யாழிசை. “பயப்பட வேண்டியதுக்குப் பூ வாசனை வச்சாங்க பாரு, அவங்கமேல போடு.”

“ஹரிகோவிந்தன் மேலயா?”

“அவர் மேல, கம்பெனி மேல, அந்த வக்கீல் மேல. என் பேரையும் சேர்த்துக்க. அத செஞ்சது நான்தானே.”

மகிழன், அக்கா விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து லேசாகச் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

குழந்தை சிணுங்கியது. கயல் அதைத் தூக்கி, இன்னும் பலம் திரும்பாத கைகளால், யாழிசையிடம் நீட்டினாள்.